இருபத்து மூன்று அம்புகள்

எங்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாக வந்த முதல் மாதத்திலேயே பிள்ளைகள் அவருக்கு ‘ஏரோ மிஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை, அவர் எழுத வேண்டிய இடத்தில், அந்தப் பெயரை நான் எழுதினேன். அதன்பிறகு அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை.

நான் அப்போது தலைமையாசிரியர். வரலாற்றில் ஒரு முதுகலை, கல்வியியலில் ஒரு முதுகலை. திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருந்த தனியார் பள்ளி. தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. பிள்ளைகளில் பாதிப்பேர் கம்பெனி நடத்துகிறவர்களின் வீட்டிலிருந்தும் மறுபாதிப்பேர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டிலிருந்தும் வந்தவர்கள்.

ஏரோ என்பது பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் ஒட்டும் சின்னஞ்சிறு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். தைத்து வந்த துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டும்படி ஓர் அம்பை ஒட்டித் தள்ளிவிடுவார்கள். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்டருக்குப் போகும். சரிசெய்ய முடியாவிட்டால் ரிஜெக்ட். எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த ஓர் எழுத்து தெரியும். அம்பு என்றால் குறை.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பெற்றோருடன் பிழைக்க வந்தவர். நான்கு ஆண்டுகள் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே ஓவியத் தேர்வுகளை எழுதித் தேறியவர். வகுப்புக்கு வரும்போது தோள்பையில் ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கர் இருக்கும். ஆனால் அவர் வகுப்பில் அம்புக்குப் பொருள் வேறு. ‘இந்த இடத்தை நீ உண்மையிலேயே பார்த்திருக்கிறாய்’ என்று பொருள்.

படம் அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தாளை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோவார். பிறகு தூரத்தில் பிடிப்பார். “இது கண்ணு போட்டதா, கை போட்டதா?” என்பார். கை போட்டது என்றால் பழக்கத்தில் வந்தது. கண் போட்டது என்றால் பார்த்து வந்தது. பிள்ளைகள் பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கோட்டிலேயே தெரியும் என்பார். அழிரப்பரை வகுப்புக்குள் விடமாட்டார். “தப்பாப் போட்ட கோடும் அங்கனயே கெடக்கட்டும். எங்கிருந்து எங்க வந்தேன்னு எனக்குத் தெரியாண்டாமா?”

வந்த புதிதில் எட்டாம் வகுப்பில் இயற்கைக் காட்சி வரையச் சொல்லியிருக்கிறார். நாற்பது பேரும் ஒரே படத்தை வரைந்தார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை. அவர் ஒவ்வொருவரிடமும் போய், “இந்த மலை எங்கன இருக்கு? என்னைய ஒருநாள் கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன் எழுந்து நின்றான்.

“எங்க ஊர்ல மலை இருக்குதுங்க மிஸ். உடுமலைங்க.”

“உடுமலையா? அப்ப காத்தாடி எங்கல?”

“மிஸ்?”

“அங்கன எத்தன காத்தாடி நிக்கி! உன் மலைகிட்ட ஒண்ணையும் காணோம். காத்து தூக்கிட்டுப் போயிட்டோ?”

வகுப்பே சிரித்தது. அந்த வாரம் ஊருக்குப் போன பையன் திங்கட்கிழமை ஏழு காற்றாலைகளோடு வந்தான். ஆறில் இறக்கைகள் கலங்கிய கோடுகளாகச் சுற்றின. ஒன்றில் மட்டும் மூன்று இறக்கையும் அசையாமல் தெளிவாக நின்றன. அந்த நின்றுபோன காற்றாலைக்கு ஓர் அம்பு கிடைத்தது. நான் அவனைக் கூப்பிட்டு, “மலையைக் காணோமேடா?” என்று கேட்டேன்.

“மேகம் மூடியிருந்துச்சுங்க சார். பாக்கலீங்க.”

இந்தப் பதிலில் எனக்கு ஓர் எரிச்சல் வந்தது நினைவிருக்கிறது. முப்பது வருடமாக நான் பாடம் நடத்தி, ஒரு பையன்கூட எதையும் ‘பார்க்கவில்லை’ என்று என்னிடம் இவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னதில்லை.

அவரோடு எனக்கு நடந்ததெல்லாம் சண்டைதான். பத்தாம் வகுப்புக்கு ஓவியப் பாடவேளை என்பது எல்லாப் பள்ளியிலும் பேருக்குத்தான். கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். இவர் கொடுக்கவில்லை. நான் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பப்ளிக் எக்ஸாமுங்க டீச்சர். கணக்கு சாருக்கு அந்தப் பீரியடு வேணுமாமுங்க.”

“வேணும்னா வரட்டும் சார். ஒரு சார்ட் எக்ஸ்ட்ரா இருக்கு. உக்காந்து வரையட்டும்.”

கணக்கு ஆசிரியர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பெரிய தகராறு மதிப்பெண்ணில் வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் வேண்டும். அவருடைய பதிவேட்டில் எண் இருக்காது. வாக்கியம்தான் இருக்கும். ‘காலர் மடிப்பைப் பார்த்திருக்கிறான். பட்டனைப் பார்க்கவில்லை, பக்கத்துப் பையனிடம் கேட்டுப் போட்டிருக்கிறான்.’ ‘நிழல் எந்தப் பக்கம் என்று மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது சரி. முதல் இரண்டையும் மறைக்கவில்லை.’ நாற்பது பிள்ளைக்கும் நாற்பது வாக்கியம், ஒன்று போல ஒன்று இல்லாமல். நான் சிவப்பு மையில் ‘மதிப்பெண் எங்கே?’ என்று எழுதி அனுப்புவேன். பதிவேடு அப்படியே திரும்பி வரும்.

“நம்பர் குடுத்தே ஆகணுமுங்க டீச்சர்.”

“எண்ணிக் குடுக்க இது பீஸ் இல்ல சார்.”

“சட்டமுங்க.”

“அப்ப சட்டமே வந்து பாத்துக் குடுக்கட்டும்.”

கடைசியில் குமாஸ்தா எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார். அதில் டீச்சர் கையெழுத்துப் போடமாட்டார். ‘நான் போடாத மதிப்பெண்’ என்று ஓரத்தில் எழுதுவார். நான் அந்த ஓரத்தை மடித்து ஒட்டிவிடுவேன். எத்தனை முறை மடித்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு. சேவூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். ஒருநாள் டீச்சர், சீருடைச் சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அதைப் பார்த்து வரையச் சொன்னார். மற்றவர்கள் ஒரு சட்டையை வரைந்தார்கள். இந்தப் பெண் ஒரு தையலை வரைந்தாள். பக்கவாட்டுத் தையலின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக இன்னொரு வரிசை.

“இது என்னட்டி, தூசியா?”

“ஊசி ஓட்டைங்க மிஸ். போன வருசச் சட்டைங்க. பத்தலைன்னு அம்மா பிரிச்சு அகலமாத் தெச்சாங்க. பழைய ஓட்டை அப்படியே இருக்குதுங்க.”

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் படத்துக்கு மட்டும் எட்டு அம்புகள்.

அதே வகுப்பில் தாளாளரின் மச்சான் மகளும் இருந்தாள். நல்ல பிள்ளை, அவள்மீது எந்தக் குறையும் இல்லை. மயில் வரைவாள், வண்ணம் அத்தனை சுத்தமாக இருக்கும். அவளுடைய கோப்பில் ஓர் அம்புகூடக் கிடையாது. ஒருநாள் வராந்தாவில் அவள் டீச்சரிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

“மிஸ், ஒண்ணே ஒண்ணு ஒட்டுங்க மிஸ்.”

“இந்த மயில எங்க பாத்த?”

“போன்லங்க மிஸ்.”

“அப்ப போனுக்குத்தான் ஒட்டணும். உங்க ஊர்ல மயிலுக்கா பஞ்சம்? காலைல சோளக்காட்டுப் பக்கமாப் போய்ப் பாரு.”

“கார்லதாங்க மிஸ் போறோம். நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்கறாங்க.”

டீச்சர் அவள் தலையில் கைவைத்தார். ஆனால் ஒட்டவில்லை. பாவம் பார்த்துக்கூட ஒட்டமாட்டார். அவரிடம் என்னைத் தொந்தரவு செய்தது இதுதான். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு. அவருக்கு இந்த ஒரு விஷயத்தில் இல்லை.

பெற்றோர் தினத்தன்று படங்களைக் கண்காட்சியாக மாட்டியிருந்தார். சேவூர்ப் பெண்ணின் ஆறு படங்கள் ஒரே வரிசையில். அவற்றில் மொத்தம் இருபத்து மூன்று அம்புகள். அவளுடைய அம்மா கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் சுற்றிக்கொண்டு வந்தபோது அந்தம்மா சுவரோடு ஒட்டி நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, அம்புகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது உரித்தாகிவிட்டது. டீச்சர் வந்துவிட்டார்.

“எக்கா, என்ன பண்ணுதிய?”

“ஏனுங்க மிஸ், என்ற புள்ள படத்துல இத்தன டேமேஜுங்களா? பக்கத்துல அந்த மயிலுப் படத்துல ஒண்ணுகூட இல்லீங்களே. ஆரும் பாக்கறதுக்குள்ள எடுத்துப்போடலாம்னுதானுங்க…”

டீச்சர் சிரிக்கவில்லை. அந்தம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, புறங்கையிலிருந்து ஒவ்வோர் அம்பாக எடுத்து, படத்தில் அது இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினார். எது எங்கே இருந்தது என்று ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

“நானும் டேபிள்ல நின்னவதான்க்கா. அங்கன நாம குறையத் தேடித்தேடி ஒட்டுனோம். இங்கன உங்க மக எங்கெங்க நல்லாப் பாத்திருக்கான்னு தேடி ஒட்டியிருக்கேன். இருபத்து மூணு இடம். இந்த ஸ்கூல்ல வேற யாருக்கும் இம்புட்டு இல்ல.”

அந்தம்மா படத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

“அப்ப இது பாஸுங்களா?”

“பாஸா? அப்ரூவல் சேம்பிள்க்கா இது. இத வச்சுத்தான் மத்தத எல்லாம் பாக்கணும்.”

கம்பெனியில் வேலை செய்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் எங்கே என்று தேடிப் போனார்.

இந்தப் பேச்சு நடந்தபோது நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். இதைப் படிப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்த மாதம், ஊரிலிருந்த ஒரு பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவருக்கு டிப்ளமோவில் கட்டணமில்லாமல் ஓர் இடம். ஓவியத்தில் முதல் ஐந்து பேரின் மதிப்பெண் பட்டியலை, ஓவிய ஆசிரியரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பட்டியலில் முதலில் இருப்பவருக்கு இடம். யார் முதல் என்பதில் பள்ளியில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் டீச்சரே சொல்லிவிட்டார். பத்தாவது முடித்ததும் தன்னோடு கம்பெனிக்கு அழைத்துப் போவதாக இருந்த அந்தம்மா, அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

பட்டியல் அனுப்ப வேண்டிய வாரத்தில் டீச்சருக்கு அம்மை போட்டுவிட்டது. பத்து நாள் வரவில்லை. தாளாளர் போன் செய்தார்.

“ஏனுங்க சார், அந்த டிசைன் காலேஜு சீட்டு… நம்ம மச்சான் புள்ள பேரு மொதல்ல இருந்தா நல்லாருக்குமுங்க. ஊட்டுல சொல்லிக்கறாப்பல இருக்கும். நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க பாத்துப் பண்ணுங்க.”

பாத்துப் பண்ணுங்க. எனக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. அதற்குப் பிறகும் இரண்டாண்டு நீட்டிப்பு அவர் கையில் இருந்தது.

நான் ஓவிய அலமாரியைத் திறந்து கோப்புகளை எடுத்தேன். ஒவ்வோர் அம்புக்கும் இரண்டு மதிப்பெண்ணை நூறிலிருந்து கழித்தேன். மயில் வரைந்த பிள்ளைக்கு நூறு. சேவூர்ப் பெண்ணுக்கு ஐம்பத்து நான்கு, ஐவரில் கடைசி. தட்டச்சு செய்த குமாஸ்தா தலை தூக்கினார்.

“இந்தப் புள்ளைக்கு ஏனுங்க சார் இத்தன கம்மி? நல்லா வரையும்னு சொன்னாங்களே.”

“எத்தனை அம்பு ஒட்டியிருக்குது பாருங்க.”

“அட, ஆமாங்க,” என்று அந்த நொடியே ஒப்புக்கொண்டு தட்டச்சைத் தொடர்ந்தார். இது எடுபடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தவறு இது. இதைவிட நல்ல மறைப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

ஓவிய ஆசிரியர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் பார்த்த கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வால் மேலே போய் ஒரு சுழி சுழித்துக் கீழே இறங்கும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டுமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பட்டியலில் போட்டேன். அந்த ஐந்து பேரின் வீட்டுக்கும் மதிப்பெண் தாள் போயிற்று.

அம்மைப் புண் ஆறும் முன்பே அவர் வந்துவிட்டார். அதற்குள் ஆசிரியர் அறையில் இது ஒரு நகைச்சுவையாகிவிட்டிருந்தது. “ஹெச்.எம். டேமேஜுனு எண்ணிப்போட்டாருங்க. நம்ம ஊர்ல ஆரா இருந்தாலும் அப்படித்தானுங்க எண்ணுவாங்க.” நானும் சிரித்தேன். என் அறைக்குள் வந்து அவர் உட்காரவில்லை.

“சார், ஒரு லைன் எழுதுங்க. தப்பா எண்ணிட்டேன், இவதான் ஃபர்ஸ்ட்டுன்னு. நானே பஸ்ல போய்க் குடுத்துட்டு வாரேன்.”

“லிஸ்டு போயிருச்சுங்க டீச்சர். அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க.”

“அடுத்த வருசம் அந்தப் பிள்ள பத்தாப்பு படிக்காது சார். டேபிள்ல நிக்கும்.”

“உங்க கையெழுத்து விஷயம்…”

“கையெழுத்த விடுங்க. அத நான் இன்னும் பேசவே இல்ல. மொதல்ல லைன் எழுதுங்க.”

நான் எழுதவில்லை. அவர் கோப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு தானே கல்லூரிக்குப் போனார். தலைமையாசிரியர் கடிதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பத்தாம் வகுப்பின் ஓவியப் பாடவேளை. வராந்தாவில் பாய் இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு அவர் குரல் கேட்டது. “எல்லாரும் உக்காருங்க. இன்னைக்கு இந்தக் கதவத்தான் வரையப் போறோம். மூடுன கதவுல பாக்க ஒண்ணுமில்லன்னு நெனைக்காதிய.” அது என் அறைக் கதவு. நாற்பது பிள்ளைகள் அதற்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெளியே போகலாம், அதட்டலாம். போகவில்லை. பென்சில்கள் தாளில் உரசும் சத்தம் மழைத்தூறல் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. மணி அடித்தபிறகு கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் உள்ளே வந்தது. சேவூர்ப் பெண் வரைந்தது. மரத்தின் ரேகை, பெயர்ப் பலகையில் ஆணி விட்டுப்போன ஒரு மூலை, கீழே தரைக்கும் கதவுக்கும் இடையே ஒரு விரல்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு கருப்பு அடையாளங்கள். பக்கத்தில் புதிதாக ஒட்டிய ஓர் அம்பு. நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

அந்தப் படத்தை அன்றே கிழித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கதவு வரைந்த செய்தி தாளாளருக்குப் போய்விட்டது. “ரெம்பத் துணிச்சலுங்க சார் அந்தம்மாளுக்கு,” என்றார். வேலைநீக்க உத்தரவு எழுதியது நான்தான். தாளாளர் சொன்னது ஒரு வாக்கியம். நான் அதை ஒரு பக்கம் ஆக்கினேன்.

கடைசி நாளில் அலமாரிச் சாவியைத் தர வந்தார். என் மேசையில் பட்டியலின் அலுவலகப் பிரதி கிடந்தது. நான் மறைப்பதற்குள் எடுத்துவிட்டார். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார், பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பது போலவே. பையிலிருந்து ரோலை எடுத்து ஓர் அம்பைப் பிரித்து, நான் போட்ட அவருடைய கையெழுத்தின் வாலருகே ஒட்டினார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, “கம்பெனி அம்புங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“இல்ல சார். கிளாஸ் அம்புதான்.”

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன்.

“கை தவறிப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதிய. இது கை போட்டது இல்ல. கண்ணு போட்டது. நல்லாப் பாத்துத்தான் போட்டிருக்கிய. அந்தக் கடைசிச் சுழி எனக்கே இம்புட்டுச் சுத்தமா வராது.” சாவியை மேசையில் வைத்தார். “அன்னைக்குக் கண்காட்சில நீங்க எங்க நின்னியன்னு எனக்குத் தெரியும் சார். இத்தன நாள் நீங்களாச் சொல்லுவியளான்னு பாத்தேன்.”

போய்விட்டார். தெற்கே ஏதோ ஒரு பள்ளியில் இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன் கேள்விப்பட்டேன். அங்கும் மதிப்பெண் போடாமல் யாரையாவது படுத்திக்கொண்டிருப்பார். இருக்க வேண்டும்.

எனக்கு நீட்டிப்பு கிடைத்தது. மயில் வரைந்த பிள்ளை ஆறே மாதத்தில் அந்தப் படிப்பை விட்டுவிட்டாள். “அங்கயும் எதையாச்சும் பாத்துத்தான் வரையோணுமாமுங்க,” என்று தாளாளர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஓய்வு பெற்றபோது அந்த அலுவலகப் பிரதியை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அழிக்கத்தான் எடுத்து வந்தேன். அழிக்கவில்லை.

இந்த வாரம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அம்மாவோடு செக்கிங் டேபிளில் தொடங்கி, இப்போது ஒரு கம்பெனியில் சேம்பிள் செக்ஷனில் இருக்கிறாள். தேநீர் இடைவேளையில் கேட்டுக்கு வெளியே வந்தாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. நான் சுற்றி வளைக்கவில்லை.

“கண்ணு, அந்த மார்க்கை நான் தப்பா எண்ணலை. தெரிஞ்சேதான் போட்டேன்.”

“தெரியுங்க சார். மிஸ் அன்னைக்கே சொல்லிட்டாங்க. கையெழுத்துல அம்பு ஒட்டுனதையும் சொன்னாங்க.”

“என்னை மன்னிக்கச் சொல்லி வரலை கண்ணு…”

“நானும் மன்னிக்கறேன்னு சொல்லலீங்களே.” குரலில் கோபமில்லை, தையல் அளவு சொல்வது போல இருந்தது. “எழுதிக் குடுங்க சார். வாயில சொன்னா நான் என்ன பண்றது?”

“இப்ப எழுதி என்ன ஆகப்போகுது கண்ணு? காலேஜு…”

“காலேஜுக்கு இல்லீங்க. அம்மாவுக்குங்க. அன்னைக்கு மிஸ் சொன்னதக் கேட்டு அத்தன சந்தோசமா ஊட்டுக்கு வந்துச்சு. அடுத்த மாசம் அம்பத்தி நாலுன்னு ஸ்கூல் சீல் வெச்சுப் பேப்பர் வந்துருச்சுங்க. மிஸ் பாவம் பாத்துச் சமாதானம் சொல்லிருக்காங்க, நெசமா டேமேஜுதான்னு அம்மா அன்னைக்கு முடிவு பண்ணுச்சு. இன்னமும் அப்படித்தானுங்க நெனைச்சுட்டு இருக்குது. நான் பென்சில எடுத்தாலே, ‘உனக்கு எதுக்கு சாமி அது’ங்குது.”

இடைவேளை முடியும் மணி அடித்தது.

“அந்தப் பேப்பரு வெச்சிருக்கறீங்களா சார்?”

“இருக்கு.”

“அம்பு?”

“இருக்கு.”

“அத உரிச்சுப்போடாதீங்க. எழுதுனதையும் அந்தப் பேப்பரையும் எடுத்துட்டு ஞாயித்துக்கெழம சேவூர் வாங்க. அம்மா ஊட்டுலதான் இருக்கும்.”

எழுதி முடித்துவிட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. பட்டியலையும் இதையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு இதில் பாதியைக்கூடப் படித்துக் காட்ட வேண்டியிருக்காது. இருபது வருடம் டேபிளில் நின்றவர். அம்பைக் கண்டதும், அதன் முனையில் என்ன குறை என்றுதான் முதலில் தேடுவார்.

இந்த ஒரு தடவை, அவர் தேடுவது அங்கே இருக்கும்.